காமன் வில்லை எடுக்கப் போகும் மகனுக்கு

மகனே,

வாயால் சொல்லவேண்டியதை எழுதி அனுப்புவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பொறுத்துக்கொள். நீ வரும்போது பேசிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நீ வந்தால் வீடு நிறைந்துவிடும். லயத்து வரிசை வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக எட்டிப்பார்ப்பார்கள், உன் அப்பா உன் பக்கத்தைவிட்டு எழுந்திருக்கமாட்டார், நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும். வகுப்பறையில் பிள்ளைகள் முன்னால் வருகிற பேச்சு, நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

கண்டியிலிருந்து நீ போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. வரும் மாசியில் தோட்டத்தில் காமன் ஊன்றப் போவதையும், இத்தனை காலம் மூங்கில் வில்லையும் காகிதப் பூவையும் வைத்துச் சமாளித்ததை விட்டுவிட்டு, பழைய கித்துள் வில்லையே மறுபடி எடுக்க வேண்டும் என்று இளவட்டங்கள் நிற்பதையும், அந்த வில்லை உன் கையில் கொடுத்திருப்பதையும் எழுதியிருந்தாய். உன் அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நான்தான் வாசித்துக் காட்டினேன். “இன்னொருக்கா படி புள்ள” என்று திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். “எனக்காக அப்பா எடுத்த வில்லை நான் எடுக்காமல் வேறு யார் எடுப்பது” என்று நீ எழுதியிருந்த இடம் வந்தபோதெல்லாம் தலையை ஆட்டினார். கடிதத்தின் அடியில், வில்லைக் கொண்டுபோய்ப் பழகுவதாகவும், வலது தோளில் கொஞ்சம் பிடிப்பு இருப்பதாகவும், பழகப் பழகச் சரியாகிவிடும் என்றும் ஒரு வரி போட்டிருந்தாய். ஒவ்வொரு தடவையும் அந்த வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். அவருக்கு அது தெரியாது. இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு வரிக்கான பதில்தான்.

அப்பா கடைசியாக வில்லெடுத்த அந்த வருடத்துக் கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். தோட்டத்தில் எல்லோரும் சொல்லுவார்கள்: அம்பு பாய்ந்ததும் காமன் விழுந்த விழுகை, அதற்கு முன்னும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை என்று. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவின் மடியில் உட்கார்ந்து அதைக் கேட்டு வளர்ந்தாய். அவர் அதை மறுத்துச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அந்தக் கதையைக் கேட்கும்போது மட்டும்தான் அவர் முகத்தில் ஒரு தெளிச்சல் வரும். அதை ஏன் கெடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது உன் தோளில் பிடிப்பு என்று எழுதியிருக்கிறாய். இனிமேல் சொல்லாமலிருப்பது சரியில்லை.

நான் பேராதனையில் படித்து முடித்து லிந்துலைக்குத் திரும்பி வந்தபோது, எங்கள் தோட்டத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆணிலும் அதற்கு முன் யாருமில்லை. ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டே வந்தேன். பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது. ஆகவே தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே, ஒரே அறையில் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு படிப்பித்தேன். உன் அப்பா எனக்கு மாமா மகன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். நான் படிக்கப் போகும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். ‘படிச்ச பொண்ணு இனி இவன எங்க கட்டப்போகுது’ என்று ஊரே சொன்னபோது அவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அந்த மௌனத்துக்காகவே அவரைப் பிடித்தது. அவர் அதிகம் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். கல்யாணமான புதிதில் எங்கள் காம்பரா அறையில் மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இருக்காது.

வெகுநாள் எங்களுக்குப் பிள்ளை இல்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் என் காதில் விழும்படியே “படிச்ச வயித்துல புள்ள தங்காதுடி” என்று சொன்னார்கள். ஒருநாள் உன் அப்பா வேலைவிட்டு வந்து, கத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டு, “காமனுக்கு நேந்துக்கிட்டேன் புள்ள. கொழந்தை பொறந்தா மூணு வருஷம் வில்லு எடுக்கிறேன்னு” என்றார். நான் படித்தவள். சிரித்திருக்கலாம், விளக்கம் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அடுத்த வருடம் நீ பிறந்தாய். நேர்த்தியால் பிறந்தாயா என்று என்னைக் கேட்காதே. நீ பிறந்த பிறகு அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் வேலை இருக்கவில்லை.

காமன் கூத்து எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. சிவனின் தவத்தைக் கலைக்கக் காமன் மலரம்பு விடுவதும், நெற்றிக்கண் திறந்து அவன் எரிந்துபோவதும், ரதி விழுந்து அழுவதும், மூன்றாம் நாள் அவன் எழும்புவதும் உனக்குத் தெரிந்ததுதான். மற்ற இடங்களில் அம்பு விடுவதுபோல ஆடிக் காட்டுவார்கள். எங்கள் தோட்டத்தில்தான் நிஜமான அம்பு. விடியவிடிய ஆடிவிட்டு, வெளிச்சம் வரும் நேரத்தில், நுனியில் சாமந்தி கட்டிய அம்பை, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தின் ஒரு முனையிலிருந்து விட வேண்டும். மறுமுனையில் வைக்கோல் வேய்ந்த சிவன் குடிலில் அது தைக்க வேண்டும். தைத்தால்தான் தவம் கலைந்ததாக அர்த்தம், காமன் எரியலாம், மூன்றாம் நாள் எழும்பலாம். அவன் எழும்பிய பிறகுதான் அந்த வருடத்துக் கல்யாணங்களைப் பேசுவார்கள். அம்பு எட்டாவிட்டால் தோட்டத்தில் அந்த வருடம் தாலி ஏறாது. அதோடு, காமன் வேஷத்தில் வில்லெடுத்தவன் நேர்த்தி முடியும்வரை வேறு கை அந்த வில்லில் படக்கூடாது.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. அப்போது இருந்தது சின்ன வில். அதற்குப் பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரன் எவனோ, “ஒங்க காமன் அம்பு கோழிக்குஞ்சு பறக்கிற தூரந்தான் போகுது” என்று சொல்லிவிட்டானாம். அந்தப் பேச்சு லயம் லயமாகச் சுற்றியது. கோயில் தலைவர் பெரியசாமியும் ஆட்களும் கூடி, கித்துள் மரத்தின் வைரத்தை இழைத்து ஆளுயரத்துக்கு ஒரு வில் செய்தார்கள். சிவன் குடிலையும் களத்தின் கடைசிக்குத் தள்ளி வைத்தார்கள். பூசை போடும் முன் இழுத்துப் பார்த்தபோது, வில் செய்தவர்களில் ஒருவராலும் அதை முழுக்க இழுக்க முடியவில்லை. உன் அப்பா இழுத்தார். கைதட்டினார்கள். இழுத்தபோது அவருடைய வலது தோள் காதுவரை ஏறி நடுங்கியதை நான் பார்த்தேன். நீ இப்போது கண்டியில் வைத்துப் பழகுவது அதே வில்தான்.

இரண்டாம் வருடம், மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டிய பிறகு அது நடந்தது. விடியற்காலையில் உறைபனி விழுகிற நாட்கள். கவ்வாத்து மலையில் கல்படியில் கால் வழுக்கி, விழாமலிருக்க ஒரு தேயிலை மரத்தின் தூரை வலது கையால் பிடித்திருக்கிறார். உடம்பு கீழே போக, கை மேலேயே நின்றுவிட்டது. தோள் இறங்கிவிட்டது. கூட வேலை செய்த சின்னையாதான் “பல்லக் கடிச்சுக்க மச்சான்” என்று சொல்லி, கக்கத்தில் காலை வைத்து இழுத்துப் போட்டிருக்கிறார். சின்னையா கூத்தில் ரதி. மாசி வந்தால் மீசையை எடுத்துவிடுவார். என்னைக் கண்டால், “வருஷத்துல ஒரு நாளுதான் டீச்சர் நான் ஒங்க வீட்டுக்காரருக்குப் பொண்டாட்டி. மத்த நாளெல்லாம் நீங்களே வச்சுக்கங்க” என்பார். அன்று வேடிக்கை பேசாமல் வந்து வாசலில் நின்றதால்தான் ஏதோ நடந்திருப்பது எனக்குத் தெரிந்தது.

காப்புக் கட்டியவன் உடம்பில் எண்ணெய் படக்கூடாது. தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. ஆஸ்பத்திரி சாவும் பிரசவமும் நடக்கிற இடம், அங்கே போனால் தீட்டு. ஆகவே தைலம் இல்லை, கட்டு இல்லை, மருந்தில்லை. வீங்கிய தோளோடு பெரட்டுக்கும் போனார், இரவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார், அந்த வருடத்து அம்பையும் விட்டார். அம்பு எட்டியது. காப்பை அவிழ்த்த பிறகுதான் தோட்டத்து மருந்தய்யாவிடம் கூட்டிப்போனேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது ஒருக்கா எறங்கினா எறங்கப் பழகிக்கும். ஆறு மாசம் கையத் தூக்காதே” என்றார். கையைத் தூக்காமல் கவ்வாத்து வெட்ட முடியுமா? வேலை பிரித்துக் கொடுக்கிற கண்டாக்கு ஐயாவிடம் லேசான வேலை கேட்கப் போனவர், கேட்காமலே திரும்பி வந்தார். “வில்லெடுக்கிறவனுக்குக் கத்தி தூக்க முடியலியான்னு கேட்டா என்ன சொல்றது?” என்றார்.

அந்த ஒரு வருடத்தைப் பற்றி உனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீயும் இப்போது அதன் தொடக்கத்தில் இருக்கிறாய். வலி தோளில் மட்டும் இருக்காது. முதலில் தூக்கத்துக்குள் போகும், பிறகு சாப்பாட்டுக்குள் வரும், கடைசியில் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சட்டை போடுவதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: வலது கையை முதலில் நுழைத்து, பிறகு குனிந்து மற்றதை. கதவை முதுகால் தள்ளப் பழகினார். நீ அப்போது தத்தித் தத்தி நடந்து வந்து காலைப் பிடித்துக்கொண்டு தூக்கச் சொல்லுவாய். அவர் உன்னைத் தூக்காமல் தரையில் உட்கார்ந்துகொள்வார். புள்ளையோடு விளையாடுகிறான் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். இடது கையால் சோறு பிசைந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்ட நாளில் தட்டை எடுத்துச் சுவரில் அடித்தார். நீ வீறிட்டு அழுதாய். பிறகு அவரே குனிந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினார். அன்றைக்கு அவருடன் சண்டை போடாமலிருந்தேன். அவர் ஆத்திரம் என் மேலும் இல்லை, உன் மேலும் இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. உனக்கும் ஒருத்தி வருவாள். வலித்தால் வலிக்கிறது என்று அவளிடம் சொல்லிவிடு. சொல்லாத வலியைப் பக்கத்தில் இருப்பவர்கள் ஊகித்து ஊகித்தே களைத்துப்போவார்கள்.

எனக்குப் பேச வராதே தவிர, பார்க்க வரும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். கூட்டத்தில் முகங்களைப் பார்க்கக் கூச்சப்பட்டு, கைகளையும் தோள்களையும் பார்த்துப் பழகியவள் நான். உன் அப்பா கதவைத் தள்ளும்போது கவனித்தேன். கை உடம்போடு ஒட்டியிருக்கும்வரை தோள் இறங்குவதில்லை. உடம்பைவிட்டு விலகி மேலே போகும்போதுதான் நழுவுகிறது. அப்படியானால் நாணை இழுக்காமல், கையை விலாவோடு கட்டிவிட்டு, இடது கையால் வில்லை முன்னால் தள்ளினால் என்ன? இதைச் சொல்லவே எனக்குப் பல நாள் எடுத்தது. கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மறுநாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, “வா, ஒன் பாடத்தப் பாப்போம்” என்றார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பனிமூட்டம் இறங்குகிற நேரத்தில் பழகினோம். என் பழைய பருத்திச் சேலையொன்றைக் கிழித்து, மேல்கையை மார்போடு சேர்த்துக் கட்டிவிடுவேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த துணி. தோலை அறுக்காது என்று அதை எடுத்தேன், வேறெதுவும் யோசிக்கவில்லை. முதலில் அம்பு காலடியில் விழுந்தது. பிறகு இடுப்பைத் திருப்பி, முதுகால் தள்ளக் கற்றுக்கொண்டார். மழைக்காலம் முடியும்போது அம்பு குடில் தூரத்துக்குப் போனது. தோளும் இறங்கவில்லை. அன்று அவர் சிரித்தார். ஒளிந்திருந்து பார்த்த சின்னையா, “டீச்சரம்மா இப்ப வில்லுக்கும் பாடம் எடுக்கிறாங்கப்பா. நமக்கும் ஒரு பாடம் எடுங்க, இந்த ரதி ஒப்பாரிதான் தொண்டையப் புடிக்குது” என்றார். அந்தச் சில மாதங்கள்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் திரும்ப வேண்டும் என்று நினைக்கிற காலம்.

மூன்றாம் வருடம் வந்தபோது தோட்டம் பழைய தோட்டமாக இருக்கவில்லை. பிரஜாவுரிமை இல்லாதவர்கள் இந்தியாவுக்குப் போகப் பெயர் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு எல்லா லயங்களிலும் ஓடியது. யார் போவார், யார் இருப்பார் என்று தெரியாது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று ஆகிக்கொண்டிருந்தது. பிரிவதற்கு முன் பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். தலைவர் பெரியசாமியின் மகளையும் றொசல்லைப் பக்கத்து மாப்பிள்ளைக்குப் பேசி வைத்திருந்தார்கள். காமன் எழும்பினால் பரிசம் போட வேண்டியதுதான் பாக்கி. அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதே. அந்த வருடம் அந்த அம்பு எத்தனை வீட்டுக்காகப் பறக்க வேண்டியிருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

வெளிச்சம் வந்தது. தப்புக்காரர்கள் ஓங்கி அடித்தார்கள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் நின்றிருந்தேன். அம்பு விடும் முன் காமன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். இரண்டு வருடம் பார்த்தவள்தான், ஆனாலும் அது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. தலைவர் ஊற்றினார். ஜிகினா வைத்த சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியதும், உள்ளே இருந்த சேலையின் சிவப்புக் கரை வெளியே தெரிந்தது.

“இது என்னப்பா?” என்றார் தலைவர்.

நான் நடந்து போனேன். எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. “தோளு நிக்கிறதுக்காக நான்தாங்க கட்டிவிட்டேன். அது இல்லாட்டி எறங்கிரும்” என்றேன்.

“பொம்பள உடுத்துன சேலைங்களா டீச்சர்? காமன் ஒடம்புலயா?” அவர் குரலில் கோபமில்லை, பயந்துதான் போயிருந்தார். “படிச்சவங்க, ஒங்களுக்குச் சொல்லணுமா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா இத்தன புள்ளைங்களுக்கு யாருங்க பதில் சொல்றது?”

“அப்ப புதுத்துணி குடுங்க. அதாலேயே கட்டிவிடுறேன். துணி எதுவா இருந்தாலும் சரிங்க, கட்டுதான் வேணும்” என்றேன். என் வாழ்க்கையில் அத்தனை பேர் முன்னால் நான் பேசிய முதல் பேச்சு அது. சத்தமாகவே பேசியிருக்கிறேன்.

மகனே, இந்த இடத்தைக் கவனமாகப் படி. தலைவர் சரி என்றார். “குடிலுக்குள்ள கோடி வேட்டி இருக்கு, எடுத்தாங்கப்பா” என்று ஆளனுப்பினார். வேட்டி வந்தது. கட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அதற்குள் கூட்டத்திலிருந்து ஒருவன், “பொண்டாட்டி சேலையக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்டா காமன்!” என்றான். இன்னொருவன், “வில்ல டீச்சர்கிட்டக் குடுங்கடா, அவங்களே விடட்டும்” என்றான். சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. விடியவிடிய விழித்திருந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. நானே வேறு இடத்தில் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். உன் அப்பாவின் முகம் மட்டும் மாறிப்போனது. சட்டைக்குள் இடது கையை விட்டு, சேலைத் துணியை உருவி என் முன்னால் போட்டார். வேட்டியைக் கொண்டு வந்தவனையும் விலக்கினார். “எதுவும் வேணாம். நீ போய் நில்லு புள்ள” என்றார்.

பழைய மாதிரி, முழுக் கையையும் வீசி இழுத்தார். அம்பு போய்க் குடிலில் தைத்தது. களமே ஆர்ப்பரித்தது. வாணம் வெடித்தது, நெற்றிக்கண் நெருப்பு எழும்பியது, காமன் விழுந்தார். அந்த விழுகையைத்தான் ஊர் இன்றுவரை பேசுகிறது. ஆனால் உண்மையில் அவர் விழுந்த பிறகுதான் நெருப்பு எழும்பியது, முன்னால் இல்லை. அதை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

எரிந்த காமன் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். ரதி விழுந்து அழத் தொடங்கினாள். துணிக்கடியில் உடம்பு துடித்துக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் நின்ற பெண், “இந்த வருசம் என்னமா நடிக்கிறாரு டீச்சர் ஒங்க வீட்டுக்காரரு” என்று கண்ணைத் துடைத்தாள். சின்னையா பின்னால் என்னிடம் சொன்னார்: “கையப் புடிச்சேன் டீச்சர், ஐஸ் மாதிரி கெடந்துச்சு. தோளு இருக்க வேண்டிய எடத்துல இல்ல. பாட்ட நிறுத்திரட்டுமா மச்சான்னு காதுல கேட்டேன். பாடுடான்னாரு.” சின்னையா பாடினார். அன்று அந்த ஒப்பாரி அத்தனை பேரையும் அழ வைத்தது, ஏனென்றால் பாடியவர் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு லாவணி. எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் எதிரெதிரே உட்கார்ந்து, காமன் எரிந்தானா எரியவில்லையா என்று வெயில் ஏறும்வரை பாடிப் பாடி வாதாடினார்கள். உன் அப்பா நடுவில் கிடந்தார்.

மூன்றாம் நாள் எழும்பும்வரை காமனானவன் கோயிலைவிட்டு வரக்கூடாது. மருந்தய்யாவை அழைத்துக்கொண்டு நான் கோயில் வாசலுக்குப் போனேன். தலைவரே, “போயிருப்பா, நான் பாத்துக்கிறேன், குத்தம் என்னோட போகட்டும்” என்று சொன்னார். உன் அப்பாதான் வரமாட்டேன் என்றார். “நேத்தி முடியட்டும். எம் புள்ளைக்கு எடுத்தது.” காப்பை அவிழ்த்த அன்று நுவரெலியாவுக்குக் கொண்டுபோனோம். மயக்கம் கொடுத்து எலும்பைச் சேர்த்தார்கள். ஆனால் மூன்று நாள் அழுந்திக் கிடந்த நரம்பு அதற்குள் செத்துப்போயிருந்தது. அதன் பிறகு அந்தக் கை இடுப்புக்கு மேலே எழும்பவில்லை. விரல்கள் மட்டும் மெல்ல வந்தன. கவ்வாத்துக் கத்தி அவர் கையைவிட்டுப் போனது. தொழிற்சாலையில் தூசி கூட்டுகிற வேலைக்கு, அரைநாள் கூலியாக, அரைப்பேர் போட்டார்கள். வில்லைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. தலைவர் மகளின் கல்யாணம் நடந்தது. கொஞ்ச நாளில் அந்தக் குடும்பமே இந்தியாவுக்குப் போய்விட்டது. புறப்படுகிற அன்று பெரியசாமி வந்து, உன் அப்பாவின் வலது கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உன் அப்பாவுக்கு அது உறைத்ததா என்று தெரியவில்லை. அந்த இடத்தில் அவருக்கு உணர்ச்சி இல்லை.

சேலைத் துணியை நினைத்து நான் வெகுகாலம் என்னையே நொந்துகொண்டேன். கோடித் துணியைக் கிழித்திருக்கலாம், முன்கூட்டித் தலைவரிடம் சொல்லியிருக்கலாம். பிறகு யோசித்துப் பார்த்தேன். துணியால் வந்ததில்லை அது. தீட்டால் வந்ததும் இல்லை, ஊர் கட்டாயப்படுத்தியதும் இல்லை. கையில் வேட்டியோடு ஒருவன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேர் சிரித்தார்கள். உன் அப்பாவால் அந்தச் சிரிப்புக்குள் நின்றுகொண்டு, “ஆமா, எனக்குத் தோளு சரியில்ல, கட்டிவிடுங்க” என்று சொல்ல முடியவில்லை. அதைச் சொல்வதற்கு வில்லை இழுப்பதைவிடப் பெரிய பலம் வேண்டும். நீயும் அவர் பிள்ளைதான். ‘பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்று நீ எழுதியதைப் பார்த்தபோது அவர் குரல்தான் எனக்குக் கேட்டது.

வில்லை எடுக்காதே என்று உனக்கு உத்தரவு போட நான் இதை எழுதவில்லை. நீ மாட்டேன் என்றால் அப்பா நொறுங்கிப்போவார், அதுவும் எனக்குத் தெரியும். உனக்காகத்தான் அவர் தோள் போனது என்று யாராவது உன்னிடம் சொல்லியிருக்கலாம், அதற்குப் பதிலாக உன் தோளைக் கொடுக்க வேண்டும் என்று நீயும் நினைத்திருக்கலாம். அப்படி ஒரு பாக்கி உனக்கு இல்லை. பிள்ளை வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள் நாங்கள். நீ எங்களிடம் எதையும் கேட்டு வரவில்லை. கண்டியில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. போய்க் காட்டு. இறுக்கிக் கட்டச் சொன்னால் கட்டிக்கொள், இழுக்காதே என்றால் இழுக்காதே, சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கத்தான் இத்தனை பக்கம் எழுத வேண்டியதாயிற்று. உன் அப்பாவை நீ சட்டையில்லாமல் பார்த்ததில்லை. நீ அதைக் கவனித்திருக்கிறாயோ என்னவோ. ஆண்கள் எல்லோரும் மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குளிப்பார்கள், அவர் போவதில்லை. நீ பள்ளிக்கூடம் போன பிறகு, பின்னால் நீ கண்டிக்குப் போன பிறகு, காம்பராவின் கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் ஊற்றிவிடுகிறேன். அந்தத் தோளை என்னைத் தவிர யாரும் பார்க்க அவர் விட்டதில்லை. சதை முழுக்க வற்றி, எலும்பு தனியாகத் துருத்தி நிற்கிறது. காப்புக் கட்டுகிற நாளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. அவர் வேண்டாம் என்பார், என்மேல் கோபப்படுவார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வெந்நீர் நான் வைத்துத் தருகிறேன். அன்றைக்கு மட்டும் அவர் சட்டையை நீ கழற்றி, நீ குளிக்க ஊற்று.

அம்மா